மணி அடித்தால் தெளியும்

முதலில் மழையைத்தான் சந்தேகித்தேன்.
ஸ்ட்ரான்சே தீவில் எதற்கும் மழையைக் குற்றம் சொல்லலாம்,
அது மறுத்துப் பேசாது.

ரிசீவரை எடுத்தால்
வாணலியில் மீன் பொரிகிற சத்தம்.
அதற்கடியில், கடலுக்கு அந்தப் பக்கம்,
தங்கை ஆஸ்லாக் தன் பல்வலியைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.
பாதி பல், பாதி மீன்.
மோடத்தின் பச்சை விளக்கு அணைந்து
சிவப்பில் கண்சிமிட்டும்.
மாட்டுக் கணக்குப் படிவம்
பதினேழாவது காதுப்பட்டை எண்ணில் மூச்சை நிறுத்தும்.

உதவி எண்ணில் ஒரு பையன். பொறுமைசாலி.
ஃபில்டர் மாட்டியிருக்கிறதா என்றான்.
மாட்டியிருந்தது. மாற்றினேன். அதையும் மாற்றினேன்.
படுக்கையறை போனைப் பிடுங்கச் சொன்னான்,
யாரும் தொடாத ஃபேக்ஸைப் பிடுங்கச் சொன்னான்,
மீன்தொட்டி பம்ப்பைக்கூட.
பிறகு சுவர்ப்பெட்டியின் முகத்தைக் கழற்றச் சொன்னான்:
"உள்ளே இன்னொரு வாய் இருக்கும், அதில் நேராகச் செருகுங்கள்."

இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன் இந்த வீட்டில்.
உள்ளே இன்னொரு வாய் இருந்ததாம்.

செருகினேன்.
அங்கேயும் மீன்.

"அப்படியானால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை."
இப்படி ஒரு சான்றிதழை
எனக்கு இதுவரை யாரும் தந்ததில்லை.

உறுதி செய்ய அவன் திருப்பிக் கூப்பிட்டான்.
மணி அடித்தது. எடுத்தேன்.
பனி கொட்டி முடித்த விடியல்போல் அமைதி.
"எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே அம்மா."
மூன்று நாள், மூன்று அழைப்பு,
மூன்று முறையும் பொய்க்காரி ஆனேன்.
அவன் வைத்து அரை நாளில்
எண்ணெய் மறுபடி காயும்.

இரண்டு வயல் தாண்டி இருக்கும் எர்லண்ட் லிங்க்லேட்டர்
கப்பலில் மின்வேலை பார்த்தவர்.
வேலியில் கை வைத்து நின்றபடி சொன்னார்:
"எங்கோ ஒரு இணைப்பில் செம்பு களிம்பேறிக் கிடக்கிறது.
மணி அடிக்க வருகிற மின்சாரம் கொஞ்சம் முரடு,
களிம்பைச் சுட்டு வழி பண்ணிக்கொள்ளும்.
அப்புறம் மறுபடி மூடும்.
யாரும் கூப்பிடாத லைனில் சீக்கிரமே மூடும்."
கடைசி வரியைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல்
தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, போட்டுக்கொண்டார்.

ஒப்பந்தம் ஆயிற்று.
தினம் காலை ஏழுக்கு அவர் கூப்பிடுவார்.
நான்கு மணி. நான் எடுக்கக் கூடாது.
ஏழே காலுக்குள் படிவங்களை அனுப்பிவிடுவேன்.
காசில்லாத பழுதுபார்ப்பு.

ஒன்பதாம் நாள், கையில் மாவோடு, மறந்துபோய் எடுத்துவிட்டேன்.
அவர் தொண்டையைச் செருமினார்.
"தெளிவாக இருக்கிறதா?"
"இருக்கிறது."
பின்னால் அவருடைய கெண்டி கொதித்தது,
ரேடியோ யாருக்கோ கடல் நிலவரம் வாசித்தது.
இருவரும் வைக்கவில்லை.
அதற்குப் பிறகு இரண்டு நிமிஷம்,
ஒரு ஆட்டின் குளம்பு அழுகியபோது இருபது.

நவம்பரில் படகில் வந்தாள் மொராக், வேனும் ஏணியுமாய்.
கரையோர மூன்றாவது கம்பத்தில் ஏறி
இறங்கும்போது உள்ளங்கையில் கொண்டுவந்தாள்:
இரண்டு செம்பு நுனிகள், நடுவே பச்சைத் தூள்.
விரல்நகம் அளவு.
"இவ்வளவுதான்."
புதியதைப் பொருத்தி மீட்டரில் ஒரு எண்ணைக் காட்டினாள்.
புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

அன்று மாலை ஆஸ்லாக்கின் பல் முழுசாக வந்தது.
நாற்பத்தொரு மாடும் ஒரே மூச்சில் அரசாங்கம் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலை ஏழு.
ஏழு நான்கு.
சரியாகிவிட்டது என்று அவரிடம் சொன்னதே நான்தான்.
ஏழு பதினொன்றுக்கு அடித்தது.

"சரிபண்ணிவிட்டார்களாமே."
அவர் வீட்டுக் கடிகாரம் நகர்வதுகூடக் கேட்டது.
"இன்னும் கொஞ்சம் இரைகிறது" என்றேன்.

வெகுநேரம் காது கொடுத்தார்.
"ஆமாம்," என்றார். "இருக்கிறது.
நாளைக்கும் ஒரு தடவை அடித்துப் பார்ப்போம்."