அறுபத்தோரு நாள்

சித்திரை பிறந்த மறுநாள்
விசைப்படகுகள் கரையில் கட்டிக்கொண்டன.
மீன்களுக்குப் பேறுகாலமாம்,
அரசாங்கம் அறுபத்தோரு நாள் விடுப்பு கொடுத்திருக்கிறது.
மீன் வெட்டும் எனக்கு
நான் கேட்காத விடுப்பு.

சிந்தாதிரிப்பேட்டை சந்தையில்
கிலோவுக்கு முப்பது ரூபாய் என் கூலி.
செதில் சீவி, செவுள் பிடுங்கி, துண்டு போட்டுத் தந்தால்
முழங்கை வரைக்கும் வெள்ளியாய் ஒட்டியிருக்கும்.
"சில்லறை முளைச்சிருக்குது பாரு" என்பாள்
பக்கத்துக் கட்டை அற்புதம்.
இப்போது கை சுத்தமாக இருக்கிறது.
சுத்தமான கை இவ்வளவு பயமுறுத்தும் என்று
எனக்குத் தெரியாது, ஆண்டவரே.

கூவக்கரையில் இருந்தவரை
சந்தைக்கு ஏழு நிமிஷ நடை.
வீட்டை இடித்து, சாமானை லாரியில் ஏற்றி
பெரும்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள்.
ஏழாவது மாடி. கதவில் நீலப் பெயிண்டில் ஒரு எண்.
லிஃப்ட் நாலாவது மாடியில்
வாயைத் திறந்தபடி நிற்கிறது.
முதல் வாரத்தில் இரண்டு தடவை
அடுத்த பிளாக்கில் மூச்சிரைக்க ஏறி
யாருடைய பூட்டிலோ என் சாவியைத் திருகிக்கொண்டிருந்தேன்.
ரேஷன் கார்டில் இன்னும் பழைய விலாசம்;
அந்த விலாசத்தில் இப்போது
கம்பி வேலியும் நாலு பூச்செடியும் குடியிருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர்
வனாந்தரத்தில் பெய்த மன்னாவைப் பற்றிச் சொன்னார்.
அன்றன்றைக்கு உள்ளதைத்தான் பொறுக்கணும்,
மறுநாளுக்கு வைத்தால் புழுத்துப்போகும்.
நான் மனசுக்குள் முணுமுணுத்தேன்:
அந்த ஜனங்களுக்குக் கரண்ட் பில் இல்லை.
மகளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் இல்லை.
கேட்டிருப்பீர். கோபித்துக்கொண்டீரா தெரியவில்லை.

நாற்பத்துமூன்றாம் நாள்.
கத்திரி இன்னும் முடியவில்லை,
சிமென்ட் கூரை இரவிலும் மூச்சு விடுகிறது.
டப்பாவில் இரண்டு டம்ளர் அரிசி.
ஒன்றை உலைக்கு வைத்துவிட்டு
ஒன்றைத் துணியில் முடிந்தேன், நாளைக்கு.
அப்போது கதவு தட்டியது.

எதிர்வீட்டுப் பெண்.
ஐந்து மாசம் கதவுக்குக் கதவு பார்த்திருக்கிறோம்,
பேர் கேட்டுக்கொண்டதில்லை.
இடுப்பில் பிள்ளை, கையில் எவர்சில்வர் டம்ளர்.
"அக்கா, ஒரு டம்ளர் அரிசி இருக்குமா?
அவருக்கு இன்னும் சம்பளம் போடல."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"இ" வரைக்கும் வந்துவிட்டது.
"இரு" என்று முடிந்தது.

சந்தோஷமாகக் கொடுத்தேன் என்று
சபையில் எழுந்து சாட்சி சொல்ல மாட்டேன்.
முடிச்சு அவிழாமல் பிடித்துக்கொண்டது;
பல்லால் கடித்து இழுத்தேன்.
போகும்போது அவளே திரும்பிச் சொன்னாள்:
"என் பேரு தௌலத்."

கொஞ்ச நேரம் கழித்து
எதிர்க்கதவுக்குப் பின்னால் குக்கர் மூன்று தடவை கூவியது.
என் சோற்றை நான் அள்ளியபடியே நின்றேன்.
இவள் எத்தனை மணிக்கு உம்மிடம் கேட்டாள்?
அதற்கு முன்னாலேயே
என் டப்பாவில் அதைப் போட்டுவைத்திருந்தீரா?
அப்படியானால் எனக்கு உள்ளது
எந்த மாடியில், யார் கையில்,
எந்த முடிச்சுக்குள் இருக்கிறது?

மறுநாள் வானம் ஒன்றும் பொழியவில்லை.
இருட்டில் முதல் பஸ் பிடித்தேன்,
பெண்களுக்குக் காசில்லாத டிக்கெட்.
கங்களூரிலிருந்தோ மங்களூரிலிருந்தோ
ஐஸ் பெட்டியில் கொஞ்சம் மீன் வந்திருந்தது.
அற்புதம் தன் பங்கிலிருந்து இரண்டு வஞ்சிரத்தை
என் கட்டைக்குத் தள்ளிவிட்டாள், பேசாமல்.
மதியம் எண்ணினால் நூற்றெண்பது ரூபாய்.
ஃபீஸுக்குக் காணாது. அரிசிக்குக் காணும்.

ராத்திரி கை கழுவும்போது
ஒரு செதிலை மட்டும் விட்டுவைத்தேன்,
முழங்கைக்குக் கீழே.

இன்னும் பதினேழு நாள்.
எண்ணாமல் இருக்க எனக்கு வரவில்லை.
எண்ணிக்கொள்கிறேன்.
நீர் பாட்டுக்கு
ஒவ்வொன்றாகக் கொடும்.