மூன்று தட்டு

பாட்டில் என் பெயர் இல்லை.
நல்லவேளை என்றுதான் முதலில் நினைத்தேன்.
பிறகு, அதுகூட இல்லையே என்றும்.

மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி.
பிரமிளாவே எழுதி, பிரமிளாவே பாடியது.
கூப்பிட்டேன், கூப்பிட்டேன், கூப்பிட்டேன்.
சட்டென்று எல்லா வாத்தியமும் நின்று
வெறும் கைத்தட்டு, மூன்று.
அந்த மூன்றுக்காக
பெங்களூரே தோளைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறது.

முதல் இரண்டு வாரம் யாரும் சீந்தவில்லை.
ஓர் ஆங்கிலப் பேப்பர் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டு
இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று கேட்டிருந்தது.
லிங்கராஜபுரத்தில் பாஸ்டர் பேர் சொல்லாமல் பிரசங்கித்தார்,
கொயர் பெண்கள் பேர் சொல்லிச் சிரித்தார்கள்.
எஃப்எம்முக்குப் போன் போட்டு
நடுவில் எதற்குத் தமிழ் என்றார் ஒருவர்,
இதெல்லாம் ஒரு தமிழா என்றார் இன்னொருவர்.
அப்புறம் கம்மனஹள்ளியில் ஒரு ஜும்பா டீச்சர்
மூன்று தட்டுக்கு மூன்று இடுப்பு வைத்தாள்.
அவ்வளவுதான்.
கல்யாண மண்டபம், செல்போன் கடை, பள்ளி ஆண்டுவிழா,
சிக்னலில் நிற்கும் ஆட்டோவின் பின்சீட்டு.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
மால்களில், கிணறு மாதிரி இருட்டில்,
கயிற்றுக்கு கிரீஸ் தடவிக்கொண்டு தொங்குபவன்.
நாலு மாடி கீழேயிருந்து
அவள் குரல் கம்பியைப் பிடித்து ஏறி வரும்.
ஹெல்மெட்டுக்குள் காதைப் பொத்த முடியாது.

'ஒரு போனை எடுக்க என்ன கேடு அவனுக்கு?'
ஸ்பேனரைத் துடைத்தபடி கேட்டான் புட்டராஜு.
டவர் கிடைத்திருக்காது என்றேன்.

அன்றைக்கு மழை இல்லை.
பாட்டில் பெய்கிறது; மெட்டு கேட்டிருக்கும்.
கன்டோன்மென்ட் ஸ்டேஷன், இரவு பதினொன்றே கால்.
சென்னை வண்டி நாலு மணி நேரம் லேட்.
கையில் கீபோர்டு பெட்டி,
ஐநூறுக்குக் குறைய மாட்டேன் என்கிற ஆட்டோ.
நான் வீட்டில்தான் இருந்தேன்.
கட்டில்மேல் போன் வண்டு மாதிரி அதிர்ந்து அதிர்ந்து
என் பக்கமாகவே நகர்ந்தது.
என்ன கோபம் என்று கேட்டால்
இப்போது பாதிதான் நினைவிருக்கிறது:
கேஸ் சிலிண்டர், அவள் அண்ணன், ஒரு சொல்.
மூன்றாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நாலாவது அடித்திருந்தால் எடுத்திருப்பேன்.
இந்த வரிக்கு யாரும் ஆட மாட்டார்கள்.

அவள் திட்டியிருக்கலாம்.
வரிவரியாகத் தேடிவிட்டேன், ஒரு திட்டும் இல்லை.
நடுராத்திரி பிளாட்ஃபாரத்தை
ஆடுகிற தரையாக்கி
ஊருக்குக் கொடுத்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை, ஒயிட்ஃபீல்டில்,
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நின்றுவிட்டது லிஃப்ட்.
உள்ளே எட்டுப் பேர்.
முதலில் தட்டு, ஆள் வந்தாச்சு என்று தெரியட்டும்,
அப்புறம் சாவி.
எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படித்தான்.
எத்தனை தட்டு என்று யாரும் சொன்னதில்லை.
கை தானாக மூன்று தட்டியது.

உள்ளே ஒரு நொடி மூச்சுக்கூட இல்லை.
பிறகு எட்டுப் பேரும் சேர்ந்து
தட், தட், தட்.
ஒரு ஜோடிக் கை மட்டும் தாமதம்.
சிரிப்பு இரும்புக்கதவில் மோதி வெளியே கசிந்தது.
நான் மறுபடி தட்டினேன்.
அவர்கள் மறுபடி.
புட்டராஜு என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

கதவு பிளந்து ஒவ்வொருவராய்க் கை கொடுத்து இறக்கும்போது
கடைசியாக வந்த பெண், மஸ்காரா கலைந்தவள்,
உங்களுக்கும் இந்தப் பாட்டுத் தெரியுமா அண்ணா என்றாள்.
கேட்டிருக்கேன் என்றேன்.

ரிஜிஸ்டரில் எழுதினேன்:
காரணம், கதவு சென்சாரில் தூசி.
எடுத்துக்கொண்ட நேரம்
என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.
பத்தொன்பது நிமிடம் என்று போடு,
என்றான் புட்டராஜு.