சட்டத்துக்கு மட்டும் விலை

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு.
சீனி முகமது கடையில் எனக்கு
முகங்களைக் கழற்றும் வேலை.

இடித்த வீடுகளிலிருந்து லாரியில் வந்து இறங்குவதில்
பாதிக்குப் பாதி படங்கள்.
தேக்குச் சட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு.
கண்ணாடியில் விரிசல் இல்லையென்றால் மேலே முந்நூறு.
உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது.
ஓட்டல்காரர்கள் வாங்கிப்போய்
கை கழுவும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி பதிக்கிறார்கள்.

போன ஆடியில் ஒரே ஆள் மூன்று தடவை வந்தார்.
கடல் தாண்டிய ஒரு நாட்டின் ஜனாதிபதி.
இரண்டு முறை பேர் மாற்றிக்கொண்ட நாடு.
மார்பில் பதினோரு பதக்கம், எண்ணினேன்.
இடது காது கொஞ்சம் பெரிது.

பள்ளத்தூர் வீட்டிலிருந்து வந்தவருக்கு
நெற்றியில் சந்தனம், பொருக்குத் தட்டி.
அந்த வீட்டு அரிசி ஆலைக்கு
அவர்தான் உரிமம் கொடுத்தாராம்.

கானாடுகாத்தானிலிருந்து வந்தவருக்குக்
கண் இரண்டும் இல்லை.
ஆணியால் குத்தியிருந்தார்கள்,
கோபத்தில் குத்திய மாதிரி இல்லை,
நிதானமாக, வட்டம் பிசகாமல்.

அதே மூட்டையில் ஒரு பேரேடும் வந்தது.
'கடை இரண்டு, நிலம் நானூறு ஏக்கர்,
ஜனாதிபதி வகையில் பற்று.'
ஒவ்வொரு வருஷமும் அந்த ஒரு வரியை
அடுத்த பக்கத்துக்கு எடுத்துப்போயிருக்கிறார்கள்.
பதினேழாம் வருஷம் கையெழுத்து மாறுகிறது.
வரி மாறவில்லை.
வாராக்கடன் என்று எழுதித் தள்ள
ஒருவருக்கும் மனசு வரவில்லை.
கடைசி வரைக்கும் ஐந்தொகை நேராகவில்லை.

மூன்றாமவர் கொத்தமங்கலம்.
முருகன் படத்துக்கு முதுகு அட்டையாக
எத்தனை வருஷம் இருந்தாரோ.
சட்டத்தைப் பிரித்தபோதுதான் தெரிந்தது.
சாமியைத் தாங்கிய புண்ணியம்
அவர் கணக்கில் ஏறியிருக்குமா, தெரியாது.

எச்சில் படிக்கம் வாங்க வந்த சரித்திரப் பேராசிரியர்
மூன்றையும் பார்த்துவிட்டு
"காலம் தீர்ப்புச் சொல்லும்" என்றார்.
பிறகு படிக்கத்துக்கு ஐம்பது குறைக்கச் சொல்லி
முக்கால் மணி நேரம் நின்றார்.

புரட்டாசியில் ஒரு பெண் வந்தாள்.
தமிழ்தான், ஆனால் சொற்களை
ஒவ்வொன்றாக இறக்கிவைக்கிற தமிழ்.
எனாமல் தூக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள்
அவரைக் கண்டதும் செருப்பைக் கழற்றினாள்.
மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர்
இவர்தான் கொண்டுவந்தார்" என்றாள்.
"அதே மாதம் ஒரு ராத்திரி
அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
மறுநாள் காலையில் அம்மா
அந்தக் குழாயில்தான் முகம் கழுவினாள்."
வேறொன்றும் சொல்லவில்லை.

சந்தனம் வைத்தவரையும் கண் இல்லாதவரையும் எடுத்தாள்.
இரண்டையும் ஒரே சட்டத்தில் போடச் சொன்னாள்.
"எது முன்னால்?" என்று கேட்டேன்.
வெளியே கார்க்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.
"ஆணி அடிக்காமல் கொடுங்கள்.
மாற்றிக்கொள்வேன்."

பில்லுக்குப் பேர் கேட்டார் முதலாளி.
பேர் வேண்டாம் என்றாள், உடனே.
இத்தனை வருஷம் கழித்து, இவ்வளவு தூரத்தில்,
இந்தத் தெருவில்.
முதலாளி அவளை ஒருமுறை பார்த்தார்.
'சட்டம் ஒன்று' என்று மட்டும் எழுதினார்.

கொத்தமங்கலத்தார் இன்னும் கடையில்தான்.
மேசை ஆடாமல் இருக்க
மடித்துக் காலுக்கடியில் வைக்கச் சொன்னார்கள்.
மடிக்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில்
சாய்த்து வைத்திருக்கிறேன், ஏனென்று கேட்காதீர்கள்.
நேற்று அவர் மேல் டீ சிந்திவிட்டது.
துடைத்தபோது துணியோடு கொஞ்சம் வண்ணமும் வந்தது.
பதக்கங்களை எண்ணினேன்.
பத்து.