ஆறு

மே மாதம்.
வைகையில் மணல்கூட வியர்க்கவில்லை.
தண்ணீர் லாரி கேட்டு
ஆனையூரிலிருந்து அவனியாபுரம் வரை
எல்லா விரல்களும் எங்கள் செயலியில்.

வடபழஞ்சி, மூன்றாம் மாடி.
கூட்டம் தாங்காமல்
ஒரு சர்வரை ஆறாக்கினோம்.
"ஊருக்குள்ள ஆறு வறண்டா என்ன,
நம்மகிட்ட ஆறு ஓடுதுல்ல" என்றான் குபேந்திரன்.
சிரித்தோம். டீ வந்தது.

ஓடிபி அனுப்பும் கம்பெனியோடு எங்கள் ஒப்பந்தம்
நொடிக்கு நூறு.
தாண்டினால் ஒரு மணி நேரம் கதவடைப்பு.
அந்த நூறை எழுதியவள் நான்தான்,
ஒற்றை சர்வர் காலத்தில்,
ஒரே ஒரு வரியில்.
பிரதியெடுத்தபோது அந்த வரியும் ஆறானது.
யாரும் கவனிக்கவில்லை. நானும்.

விடியற்காலை ஐந்து பத்துக்குக்
கதவு அடைத்துக்கொண்டது.
ஓடிபி வராதவர்கள் மறுபடி அழுத்தினார்கள்.
வராததால் மறுபடி.
ஒரு ஆள் நாற்பது ஆளானான்,
தாகத்துக்கு அவ்வளவு கைகள்.

பதிவேடுகளைப் பிரித்தேன்.
முதலாவது சொன்னது: நூறுக்கு மேல் விடவில்லை.
இரண்டாவதும் அதையே.
ஆறாவது வரைக்கும் ஒரே சாட்சியம்,
அடித்துக் கேட்டாலும் மாறாது.
ஏனென்றால் ஒன்றுகூடப் பொய் சொல்லவில்லை.
ஆறு உண்மைகளையும் கூட்டினேன்.
அறுநூறு வந்தது.

"வகுத்துக் குடுத்துருவோம்" என்றாள் ஹமீதா.
தலைக்குப் பதினாறு, மீதி நான்கு.
அந்த நான்கு பேர் எந்த வாசலைச் சேர்ந்தவர்கள்?
போதாக்குறைக்கு
ஒரு வாசலில் வில்லாபுரமே முண்டியடிக்க
பக்கத்து வாசல் ஈயோட்டிக்கொண்டிருந்தது.
நாளைக்கு ஏழாவது முளைத்தால்
மறுபடி வகுத்தல் கணக்கு.

அதனால் நடுவில் ஒரே ஓர் எண்ணி.
யாரை விடுவதானாலும்
ஆறும் அங்கே போய்க் கேட்க வேண்டும்.
கேட்டன.
இரண்டு வாசல்கள் ஒரே கணத்தில் எட்டிப் பார்த்தன.
இரண்டுக்கும் தெரிந்தது தொண்ணூற்றொன்பது.
இரண்டும் ஒவ்வோர் ஆளை விட்டன.
நூற்றொன்று.

பார்ப்பது வேறு, எடுப்பது வேறு என்றிருந்தால்
திருடன் இல்லாமலே களவு போகும்.
இரண்டையும் ஒரே அசைவாக எழுதினேன்,
நடுவில் ஒரு மயிரிழைகூட நுழையாதபடி.
அதற்கு மட்டும் மத்தியானம் மூன்று மணியானது.

"சரி, அந்த எண்ணியே படுத்துக்கிட்டா?"
குபேந்திரன் கேட்டான், அவனே பதிலும் சொன்னான்:
திறந்து விடு.
அடைச்சு வை, இது ஹமீதா.
திறந்தால் மறுபடி அறுநூறு.
அடைத்தால் ஊருக்கே தண்ணீர் கிடையாது,
காரணம் தண்ணீரில்லாதது அல்ல,
எண்ண ஆளில்லாதது.
"சீக்கிரம் சொல்லு, ஆறுன கஞ்சி பழங்கஞ்சி."
எண்ணி விழுந்தால்
ஒவ்வொரு வாசலும் பத்துப் பேரை மட்டும் விடட்டும்
என்று எழுதி மூடினேன்.
தீர்வில்லை அது.
அன்றைக்குப் போதுமாயிருந்தது.

இரவு கூடல் நகர் வந்து குழாயைத் திறந்தால்
காற்று, அப்புறம் ஒரு பல்லிச் சத்தம்.
செயலியைத் திறந்து அழுத்தினேன்.

கொஞ்சம் ஆறி வாங்க. நாற்பது நொடி.

நான் எழுதிய வாசகம்தான்.
எழுதும்போது இதமாக இருந்தது.
மறுபடி அழுத்தப் போன விரலைப்
பிடித்து நிறுத்தி எண்ண ஆரம்பித்தேன்.

சுவருக்கு அப்பால்
பக்கத்து வீட்டில் யாரோ சத்தமாக எண்ணுகிறார்கள்.
நான் முப்பத்தொன்றில். அங்கே இருபத்திரண்டு.
இரண்டு எண்ணிக்கையும் சரியாகத்தான் இருக்கும்.

லாரி ஒன்று.