கழுவக் கூடாது

செப்டம்பர், இரண்டாம் சனிக்கிழமை.
ஸ்ட்ருமிட்சாவிலிருந்து வந்த லாரி
ஸ்கோப்யே சந்தை வாசலில்
பின்கதவைத் திறந்ததும்
தெருவே சிவந்துபோனது.
குடைமிளகாய் இருபத்தைந்து கிலோ என்றேன்.
வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
"வீட்டில் பெண்கள் யாரும் இல்லையா?"
உல்ம் நகரில் இருக்கிறாள்,
கத்தரிக்காயும் மூன்று கிலோ போடு என்றேன்.

லிஃப்ட் ஓடவில்லை. அதுவும் நல்லதுதான்.
குடியிருப்பின் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கும்
யாருடையதோ பழைய காருக்கும் நடுவே
ஸ்லாவ்யன்கா இரவல் தந்த தகர அடுப்பை மூட்டினேன்.
செங்கல்லில் சாய்த்துவைத்த கைபேசிக்குள்
பிஸெரா, முதியோர் இல்லச் சீருடையோடு,
இடைவேளைச் சாப்பாட்டை மென்றுகொண்டே:

"திருப்பு. இன்னும் திருப்பு.
கருகினால் பயப்படாதே,
கருகாவிட்டால் பயப்படு."

கருகிற்று. வெடித்தது.
ஒவ்வொரு காயும் உள்ளிருந்து பெருமூச்சுவிட்டு
ஒரு பக்கமாகச் சரிந்தது.
மூன்றாம் மாடியில் யாரோ
காய்ந்த துணிகளைத் திட்டிக்கொண்டே உள்ளிழுத்தார்கள்.
பிறகு அதே ஜன்னலிலிருந்து ஒரு குரல்:
"எத்தனை ஜாடி வரும்?"

"மூடிவை, வியர்க்கட்டும்," என்றாள் பிஸெரா.
"தோல் தானாகக் கழன்றுவரும்.
ஆனால் ஜிவ்கோ,
தண்ணீர்ப் பக்கம் போகாதே.
கழுவக் கூடாது."
அவளை யாரோ கூப்பிட்டார்கள்.
திரை கறுத்தது.

தோல் தானாகக் கழன்றுவரவில்லை.
இரவு பதினொன்றுக்குப் பாதி மூட்டை மீதி.
கரித்துகள் நகக்கண்ணில், விதை புருவத்தில்,
மறந்துபோய்க் கண்ணைத் தேய்த்தேன்,
அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.
விடிய நாலரைக்கு
இருபத்திரண்டாம் எண் பேருந்தை நான்தான் எடுக்க வேண்டும்.

குழாயைத் திறந்தேன்.

எத்தனை சுலபம்!
முப்பது எண்ணுவதற்குள் ஒரு காய்
குளித்த குழந்தைபோல் பளபளத்தது.
பழுப்பு நீர் சுழன்று இறங்கும்போது
புகையும் இனிப்புமாய் ஒரு வாசனை
சமையலறை முழுக்க எழுந்து நின்றது.
பிறகு அதுவும்
குழாயடியில் இறங்கிப் போய்விட்டது.

ஞாயிறு, நான்கு மணி நேரம் கிண்டினேன்.
சூரியகாந்தி எண்ணெய், உப்பு, மறுபடி எண்ணெய்.
கரண்டி போன தடம்
மூடாமல் நின்றால் பதம்.
நின்றது.
"கழுவவில்லையே?" என்றாள் கைபேசியில்.
"இல்லை."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
சிக்னலா, அவளா, தெரியவில்லை.

பத்தொன்பது ஜாடி.
கழுவியதும் கழுவாததும் ஒரே பானையில் கலந்துவிட்டதால்
எந்த ஜாடியில் எவ்வளவு பொய் என்று
எனக்கே தெரியாது.
ஒன்று மூன்றாம் மாடிக்கு,
ஒன்று அடுப்புக்காரிக்கு.
ஆறு ஜாடிகளை அவளுடைய குளிர்காலக் காலுறைகளுக்குள் நுழைத்து
ஜெர்மனிப் பேருந்து ஓட்டும் மிர்செயிடம் கொடுத்தனுப்பினேன்.
ஹங்கேரி எல்லையில் ஒன்று உடைந்ததாம்.
சுங்க அதிகாரி விரலால் தொட்டு நக்கினானாம்.
மிர்செ சொன்னால் பாதிதான் நம்பலாம்.

வியாழக்கிழமை ஒரு படம் வந்தது:
ரொட்டித் துண்டு, மேலே சிவப்பு,
ஓரத்தில் ஒரு கடி.
கீழே ஒரே சொல்:
"கழுவியிருக்கிறாய்."

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பயணிகள் கண்ணாடியைத் தட்டினார்கள்.

மறுநாள் காலை இன்னொன்று:
"விரல் எரிந்ததா?"
எரிந்தது என்று எழுதினேன்.
"எனக்கும் ஒவ்வொரு வருஷமும் எரியும்.
உன்னிடம் சொன்னதில்லை."

பதினெட்டு வருஷம்.
நான் ரொட்டியை நீட்டுவேன், அவள் தடவித் தருவாள்.

இப்போது சந்தையில் முட்டைக்கோஸ்,
தலை தலையாய்ப் பனி பூத்து.
ஐம்பது கிலோ வாங்கிவிட்டேன்.
உப்பு வாங்கிவிட்டேன்.
இதையாவது கழுவலாமா என்று கேட்டிருக்கிறேன்.
அவள் இன்னும் பார்க்கவில்லை.
பால்கனியில் பீப்பாய்
வாய் திறந்து நிற்கிறது.