ஒரு முடிச்சு தள்ளி

அண்ணாமலைச்சேரிக் கரைக்கு
காலை ஒன்பதரைக்குத்தான் காற்று
தூங்கி எழுந்த மாதிரி வந்தது.
எட்டு நாட். ஏறினால் ஒன்பது.
பன்னிரண்டு சதுர மீட்டர்ப் பட்டம், செகண்ட் ஹேண்ட்,
ஓரத்தில் முன்னாள் சொந்தக்காரர் ஒட்டிய பச்சைத் துணி.

தடாவிலிருந்து பஸ் பிடித்து வந்த ஹைமவதி
முழங்கால் தண்ணீரில் நின்று
அதன் காதைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.
எழும்பியது. தலைக்கு மேல் போய்
யோசித்தது.
பின்பக்கமாகவே சரிந்து
சொத்தென்று ஏரியில்.

நான்காம் முறை.
காற்று குறைந்தால் இன்னும் இழு என்றுதான்
கைக்குத் தோன்றுகிறது.
பாரை நெஞ்சோடு அணைத்திருந்தேன்,
மாதக் கடைசியில் பர்ஸைப் போல.

"வதிலெய்!" என்று கத்தினாள்.
எதை என்று கேட்க
என் தெலுங்கு போதாது.

இறால் வலைக் குச்சிகளுக்கு நடுவே
நான்கு கயிற்றையும் விரித்துப் பார்த்தோம்.
பின்கயிறு இரண்டும் நாலு விரல்கடை குட்டை.
முடிச்சை ஒன்று தள்ளிப் போட்டோம்.
தொய்ந்திருந்த முன்விளிம்பை
சுண்டினால் டங்கென்னும்வரை பம்ப் அடித்தாள்.
பார்த்ததற்கே எனக்கு மூச்சு வாங்கியது.

மறுபடி.
பார் விரல் நுனியில்.
லைசென்ஸுக்குப் போடுவதுபோல
வானத்தில் ஒரு எட்டு, இன்னொரு எட்டு.
இழுத்தது.
பஸ்ஸில் பின்னால் நிற்பவர்
இறங்கணும் என்று தோளைத் தொடுவாரே, அவ்வளவுதான்.

பலகைமேல் மூன்று நொடி நின்றேன்.
நான்காவதில் சேற்றில் உட்கார்ந்தேன்.
பட்டம் விழவில்லை,
ஆந்திராப் பக்கம் பார்த்தபடி
மேலேயே நின்றது.

ஹைமவதி மணி கேட்டாள்.
பதினொன்றே கால் பஸ் போயிருந்தது.