இலக்கம் பதினேழு

ஏலத்தில் எனக்கு ஒரு சட்டம்:
வேண்டிய பொருளைப் பார்க்கக் கூடாது.
வேண்டாததைத் தட்டு, கவிழ், மோந்து பார்,
உதட்டைப் பிதுக்கு.
கண் போன பக்கம் விலையும் போகும்.

கிளிநொச்சி நீதிமன்றப் பின்வளவு.
உரிமை கோர ஆளில்லாத சாமான்கள்
வேம்பின் கீழ் இலக்கம் கட்டிக் கிடந்தன.
மணல் ஏற்றிப் பிடிபட்ட லான்ட்மாஸ்டர் பெட்டி,
கசிப்புக் காய்ச்சிய பானை,
பிடியில்லாத மண்வெட்டி,
பெயர் வெட்டிய செம்பு ஒன்று.
பெயர் இருந்தால் கொழும்பில் அரைவிலை.
கனடாவில் இருந்து வருகிறவன்
அதே பெயர்க்காரனின் பேரன் என்றால் பத்து மடங்கு.
செம்பு வாங்குவது சூதாட்டம்.
நான் வாங்குவதில்லை.

நிஜாம் நானா, சவரியான், நான்.
மூவருக்குள் பேச்சு:
ஒருவன் கேட்டால் மற்றவர்கள் இருமுவார்கள்.
பிறகு தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால்
எங்களுக்குள் இன்னொரு ஏலம்,
சத்தமில்லாமல், விரல்களால்.

இலக்கம் பதினேழு. தையல் மெசின், காலோடு.
மண்வெட்டியை மோந்தபடி
மூவாயிரம் என்றேன்.
நானா இருமினார். சவரியான் இருமினான்.
"நாலு."
பெண்குரல்.

நீலக் குடை. ஒரு கையில் சைக்கிள்.
மெசினை நேரே பார்த்துக்கொண்டு நின்றாள்,
கடன்காரனைப் பார்ப்பதுபோல.
"ஐந்து" என்றேன்.
"ஏழு."
யாரோ வெளிநாட்டுக்காரனின் ஆள் என்று நினைத்தேன்.
பத்து. பன்னிரண்டு. பதினைந்து.
பதிவாளருக்கு நித்திரை முறிந்தது.
நானா உண்மையிலேயே இருமத் தொடங்கினார்.
பத்தொன்பது.
குடை மடிந்தது.
ஒருதரம், இரண்டுதரம்.

கரடிப்போக்கில் பிளேன்ரீ ஆறுவதற்குள்
சைக்கிள் வந்து நின்றது.
"அண்ணைக்குத் தைக்கத் தெரியுமோ?"
"தெரியாது."
"பிறகேன்?"
"கால்."
"காலோ?"
"கொழும்பில கோப்பிக்கடைக்காரன் ஒருத்தன்
மேல கண்ணாடி போட்டு மேசையாக்குவான்.
தலையைக் கழட்டி எறிஞ்சிடுவான்."

அவள் சிரித்தாள்.
சிரித்து, சைக்கிள் சரிந்து,
அதைப் பிடித்து மீண்டும் சிரித்தாள்.
"எனக்குத் தலைதான் வேணும்.
மோட்டர் பூட்டின மேசை வீட்டில கிடக்கு.
புது மெசின் ரெக்சினைக் கண்டால் ஊசி முறியுது.
இது மாட்டுத்தோலையும் தைக்கும்."
வட்டக்கச்சியில் ஓட்டோவுக்குச் சீற் கவர் தைக்கிறாளாம்.
பெயர் சுபோதினி.

ஆளுக்குப் பாதி வேண்டி
முழுவிலைக்கு அடிபட்டு
அரசாங்கத்துக்குப் பதினாறாயிரம் தானம்.

தலைக்கு எட்டு என்றேன்.
பழைய இரும்பு விலைக்குத் தாங்கோ என்றாள்,
பதினாலு கிலோ வராது என்றும் சொன்னாள்,
தூக்கியும் காட்டினாள்.
என்னுடைய பட்டா லொறியின் கிழிந்த சீற்றை
எப்போது பார்த்தாளோ தெரியாது.
மூவாயிரமும் ஒரு சீற் கவரும்.
ஏலத்தில் அவள் சட்டம் தெரியாதவள் என்றேனே,
அதை வாபஸ் வாங்குகிறேன்.

திருகாணி இரண்டு. ஒன்று இறுகியிருந்தது.
மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தபோதுதான்
லாச்சியை இழுத்தாள்.

வெள்ளை நூல் சுற்றிய பொபின்.
சவர்க்காரப் பெட்டி அட்டையில்
பென்சிலால் எழுதியிருந்தது:
இடுப்பு 21. நீளம் 15.
மடிப்பு கூட விடவும், வளருவாள்.

பெயர் இல்லை.

லாச்சி மேசையோடு சேர்ந்தது, உங்களுக்கு என்றாள்.
தையல் சாமான் தலையோடு சேரும், உமக்கு என்றேன்.
நானா இருமவில்லை.
மூன்று ஏலக்காரர் இருந்த இடத்தில்
ஒருவரும் ஒரு விலை சொல்லவில்லை.

பொபினை மட்டும் எடுத்தாள்.
"பொருந்தும், அதுதான்" என்றாள்,
நான் கேட்காமலே.
தலையைச் சாக்கில் சுற்றிக் கரியரில் கட்டி
மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போனாள்.

மாங்குளம் தாண்டியும்
பின்னால் லாச்சி
திறந்து மூடித் திறந்து மூடி வந்தது.
புளியங்குளத்தில் நிறுத்திக் கயிறு போட்டேன்.
கட்டும்போது உள்ளே பார்க்கவில்லை.

எனக்கு அது பழக்கம்.